ஐந்தாவது பதிவு

திருவண்ணாமலை
18-6-2006

அன்புள்ள தம்பி அர்ஜுனனுக்கு அக்கா மணிமொழி எழுதிக்கொண்டது.

இங்கே நானும் மாமாவும் சுகம். ஊரில் வள்ளியும் பூஜாவும் சுகம். மாமாவுக்குத்தான் டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் படுத்து இடுப்பு பிடித்துக்கொண்டது. மலையைச் சுற்றினால் சரியாகும் என்று தினமும் கிளம்பி, பஜ்ஜிக் கடை வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறார். உன் இருமல் நின்றதா என்று மறக்காமல் எழுது.

பள்ளி திறந்தாகிவிட்டது. உன் மகள் ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மூன்று, நான்கு, ஐந்து மூன்றுக்கும் நான் ஒருத்திதான் டீச்சர் என்பதால் இந்த வருடமும் என்னிடம்தான் இருக்கிறாள்.

ஒரு புது விஷயம். கோடை விடுமுறையில் ஆசிரியர்களுக்குக் கம்ப்யூட்டர் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தது கவிநிலா என்ற சின்னப் பெண். கடைசி நாளில் வலைப்பூ என்று ஒன்றைக் காட்டினாள். நாம் எழுதுவதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், கீழே பதில் எழுதலாம். "வகுப்புல நடக்குறத எழுதுங்க மேடம். நல்லது மட்டும் இல்ல, நடந்தது எல்லாம்" என்றாள். பதினாறு வருடமாக மற்றவர்களை எழுதச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நான் ஒரு பக்கம் எழுதியதில்லை. சரி என்று ஆரம்பித்துவிட்டேன். பெயர் போடவில்லை. 'ஓர் ஆசிரியை' என்று மட்டும் போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன். ஒரு பக்கம் தட்டச்சு செய்ய இரண்டு மணி நேரம் ஆகிறது. அடுத்த நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். தியானமா, இல்லை பக்கம் திறக்கக் காத்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

உனக்கு அங்கே இணையம் கிடையாதே. அதனால் ஒவ்வொரு பதிவையும் அச்செடுத்து, எண் போட்டு அனுப்புகிறேன். முதல் பதிவு இத்துடன். பூஜா உனக்கு எழுதிய கடிதமும் இத்துடன்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் வெந்நீர் குடி.

அக்கா
மணிமொழி

*

99 ஏ.பி.ஓ.
15-7-2006

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். இருமல் கம்மி, மழை ஜாஸ்தி. எந்த மலையில் இருக்கிறேன் என்று எழுத ராணுவத்தில் அனுமதி இல்லை. நம்ம மலை மாதிரி ஒற்றை மலை இல்லை, பார்க்கும் பக்கமெல்லாம் மலை. மாமாவைப் பஜ்ஜிக் கடையைத் தாண்டி நடக்கச் சொல்.

உன் முதல் பதிவைப் படித்தேன். முதல் நாள் அழுத குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறாய், நன்றாக இருந்தது. ஆனால் பூஜாவின் கடிதத்துக்கு முன்னால் உன் பதிவு நிற்காது, கோபித்துக்கொள்ளாதே. என்ன கையெழுத்து. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் காட்டினேன். தமிழ் தெரியாத ஒரு மராட்டியர், இது அச்சடித்ததா என்று கேட்டார். குடியாத்தத்துச் சுப்பன் அண்ணன் சத்தமாகப் படித்தார். "அப்பா, நீங்கள் இல்லாமல் வீட்டில் ஒரு விளக்கு குறைவாக எரிவது போல இருக்கிறது" என்ற வரியை மட்டும் மறுபடியும் படித்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு இப்படி எழுத வருகிறது என்றால் அது உன் வளர்ப்பு.

இரண்டு வருடமாக அவள் எழுதியது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். டிரங்குப் பெட்டி நனைந்தாலும் அது நனையாது. போனில் அவள் இரண்டு வார்த்தைதான் பேசுகிறாள், அதற்குள் லைன் போய்விடுகிறது. கடிதத்தில்தான் எனக்கு மகள் இருக்கிறாள்.

அவளைப் பற்றி உன் வலைப்பூவில் ஒரு நாள் எழுது.

தம்பி
அர்ஜுனன்

*

திருவண்ணாமலை
3-9-2006

அன்புள்ள தம்பிக்கு,

அனைவரும் சுகம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் நல்ல மழை, வள்ளி மணிலாக் கடலை விதைத்திருக்கிறாள். பூஜாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்து போனது, இப்போது நன்றாக இருக்கிறாள்.

இரண்டு, மூன்று, நான்கு ஆகிய பதிவுகளை வைத்திருக்கிறேன். இதுவரை முப்பது நாற்பது பேர் படித்திருப்பார்கள். ராமநாதபுரத்துப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், எங்கள் பள்ளியிலும் இதே கதைதான் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், கால் வலியே தெரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்தால் வகுப்பில் நடந்தது வேறு மாதிரித் தெரிகிறது. நான் கேள்வி கேட்கிறேன், பிள்ளைகள் பதில் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால், பாதிக் கேள்விக்கு நானே பதிலும் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடம் இது தெரியாமல் சம்பளம் வாங்கியிருக்கிறேன் பார்.

பூஜாவைப் பற்றி எழுதச் சொன்னாய். சொந்தக்காரப் பிள்ளையைப் பற்றி எழுதினால் நன்றாக இருக்காது. இந்த முறை அவள் கடிதம் வைக்கவில்லை. காலாண்டுப் பரீட்சை வருகிறது.

அங்கே எல்லைப் பக்கம் பிரச்சினை என்று பேப்பரில் வருகிறதே, ஒன்றும் இல்லையே?

அக்கா
மணிமொழி

*

திருவண்ணாமலை
29-10-2006

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வடகிழக்கில் மண் சரிவு என்று ரேடியோவில் சொன்னார்கள், தபால் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும் என்று வள்ளிக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு எல்லோரும் ஊரில்தான் இருந்தோம். பூஜாவுக்கு மஞ்சள் பாவாடை எடுத்தோம்.

ஆறாவது, ஏழாவது பதிவுகள் இத்துடன். தலைமையாசிரியர் அப்பாதுரை சார் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பயிற்சி மையத்தில் யாரோ என் வலைப்பூவை அச்செடுத்துச் சுற்றுக்கு விட்டுவிட்டார்கள். பெயர் போடாவிட்டால் என்ன, மூன்று வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளுக்கு ஒரே ஒரு டீச்சரும் ஒரு புளியமரமும் உள்ள பள்ளியைக் கண்டுபிடிக்க ஆள் வைக்க வேண்டுமா? "ஏம்மா, நம்ம வீட்டுக் குப்பைய ரோட்ல கொட்டிட்டியே" என்றார். ஒரு பதிவை மட்டும் நீக்கச் சொல்கிறார். நீக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கவலைப்படாதே. சுகமாக இரு.

அக்கா
மணிமொழி

*

99 ஏ.பி.ஓ.
20-11-2006

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. பாலம் உடைந்து ஏழு வாரம் எங்களுக்கு எதுவும் வரவில்லை. உப்புப் போட்ட பருப்பும் ரொட்டியும்தான். அதனால் கிடைத்ததை எல்லாம் நான்கு தடவை படித்தேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு வந்தது. ஆறும் ஏழும் வந்தது. ஐந்து எங்கே? காவலில் நிற்கிறவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை இல்லை, அதனால் கேட்கிறேன். தலைமையாசிரியர் நீக்கச் சொன்னது அதைத்தானா? ஊருக்கே தெரிந்த பதிவு எனக்கு மட்டும் ஏன் வரவில்லை?

இன்னொன்று. பூஜாவிடமிருந்து ஜூனுக்குப் பிறகு ஒரு வரி கூட இல்லை. வள்ளியிடம் போனில் கேட்டால் "அத்தைதான் ஸ்கூல்ல எழுத வெச்சி அனுப்புவாங்க" என்கிறாள். பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காதே. இங்கே இருந்துகொண்டு கற்பனை செய்வதைவிடத் தெரிந்துகொள்வது மேல்.

தம்பி
அர்ஜுனன்

*

திருவண்ணாமலை
11-12-2006

அன்புள்ள தம்பிக்கு,

பூஜாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபத்துக்கு வள்ளியோடு வந்து நான்கு நாள் என் வீட்டில் இருந்தாள். கூட்டத்தில் என் புடவை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஐந்தாவது பதிவு இத்துடன். படிப்பதற்கு முன்னால் என்னிடமிருந்தே தெரிந்துகொள். பூஜாவுக்குப் படிக்கத் தெரியாது.

கையெழுத்து அவளுடையதுதான். வார்த்தைகள் என்னுடையவை. மூன்றாம் வகுப்பில் முதல் கடிதத்தை நான் பலகையில் எழுதிக் கொடுத்தேன், அவள் பார்த்து எழுதினாள். அது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். நாங்கள் பலகையில் எழுதுவோம், பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், நோட்டு நிறையும், வருகிறவர்கள் நோட்டைப் பார்த்து நன்று என்று கையெழுத்துப் போடுவார்கள். நீ அந்தக் கடிதத்தைக் கொண்டாடி எழுதினாய். அடுத்த மாதமும் எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு எழுத்துகள் தெரியவில்லையோ என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். போகப் போகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். வள்ளிக்கு எதுவும் தெரியாது, அவள் மேல் கோபப்படாதே.

ஆகஸ்டில் அவசரத்தில் ஒரு வரியை இரண்டு தடவை எழுதி, அடித்துவிட்டுக் கொடுத்தேன். அவள் அதே வரியை இரண்டு தடவை எழுதி, நான் அடித்தது போலவே அடித்திருந்தாள். அடித்த கோடு கூட அதே சாய்வு. "இதப் படிம்மா" என்றேன். அவள் தாளைப் பார்க்கவில்லை, என் உதட்டைப் பார்த்தாள்.

நீ லீவில் வந்தபோது புத்தகத்தை மடமடவென்று படித்துக் காட்டினாளே, அது மனப்பாடம். முப்பத்தொரு பேரையும் ஒருவர் ஒருவராக உட்கார வைத்துப் பார்த்தேன். ஒன்பது பேருக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒன்பது பேருக்கும் நானே 'அ' கிரேடு போட்டிருக்கிறேன். அதைத்தான் செப்டம்பரில் எழுதினேன்.

உனக்கு அனுப்பக் கை வரவில்லை. இதில் எனக்குச் சாக்கு எதுவும் இல்லை.

அக்கா
மணிமொழி

*

திருவண்ணாமலை
21-1-2007

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கல் முடிந்தது. எல்லோரும் சுகம். உன் பதில் வரவில்லை. வள்ளிக்குப் போன் செய்தாயாம், என்னைப் பற்றிக் கேட்கவில்லையாம். சரி. பதில் வராவிட்டாலும் நடப்பதை எழுத வேண்டியது என் வேலை.

வள்ளியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு "அண்ணி, நானும் எட்டாவது படிச்சவதான், ஒரு நாள் கூட புக்க எடுத்து வெச்சி கேக்கலயே" என்றாள். அவளுக்கும் அழுகை, எனக்கும் அழுகை.

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. பள்ளிக்கு அவப்பெயர் ஏற்படுத்தியது ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். பதிவை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவித்தால் முடித்துக்கொள்கிறோம் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார்கள். எழுதியது அத்தனையும் உண்மை, தவறு என்னுடையது, பதிவு இருக்கும் என்று மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மாமா அதைப் படித்துவிட்டு, சைக்கிளில் கொண்டுபோய் அவரே கொடுத்துவிட்டு வந்தார்.

மாலையில் ஒரு மணி நேரம் ஒன்பது பேரையும் வைத்துக்கொள்கிறேன். பலகையை ஒரு கோணியால் மூடிவிட்டேன், பார்த்து எழுத ஒன்றும் கிடையாது. அவர்கள் சொல்கிற வார்த்தைதான் பாடம். பூஜா முதலில் சொன்ன வார்த்தை ஆடு. அதை எழுதப் பத்து நிமிஷம் ஆனது. அவ்வளவு அழகான கையெழுத்து எங்கே போனதோ, கோழி கிளறின மாதிரி எழுதினாள். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது போல எதைப் பார்த்தும் பட்டதில்லை.

நேற்று அப்பாதுரை சார் வாசலில் வந்து நின்றார். "ஒன்னாவது ரெண்டாவதுல என்கிட்ட இருந்த பசங்கதாம்மா இவங்க" என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரைத் தன் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார். பதிவைப் பற்றிப் பேசவே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
மணிமொழி

*

99 ஏ.பி.ஓ.
16-2-2007

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன.

உன் ஐந்தாவது பதிவில் தேதி போட்டிருக்கிறது, செப்டம்பர் 17. கீழே நாற்பத்தொரு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். துணிச்சலான ஆசிரியை என்று பாராட்டுகிறார்கள். முகம் தெரியாத நாற்பத்தொரு பேருக்குச் சொல்ல உனக்குத் துணிச்சல் இருந்தது. கூடப் பிறந்தவனுக்குச் சொல்ல, அவன் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. என் மகளைப் பற்றித் தெரிந்துகொண்டதில் நான் நாற்பத்திரண்டாவது ஆள்.

பிளாஸ்டிக் உறையைத் திறந்து எல்லாவற்றையும் மறுபடியும் படித்தேன். இரண்டு வருடமாக எனக்கு நீதான் எழுதியிருக்கிறாய். சுப்பன் அண்ணன் வழக்கம் போல "பாப்பா என்ன எழுதியிருக்கு" என்று கேட்டார். வரவில்லை என்று சொல்லிவிட்டுக் காவலுக்குப் போய்விட்டேன்.

அந்த விளக்கு வரி யார் சொன்னது? அவள் சொல்லி நீ எழுதினாயா, நீயே எழுதினாயா? அதை மட்டும் எழுது.

அர்ஜுனன்

*

திருவண்ணாமலை
6-3-2007

அன்புள்ள தம்பிக்கு,

நானே எழுதினேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு ஊர் வீட்டில் உன் நாற்காலி காலியாக இருந்தது, எனக்குத் தோன்றியதை அவள் பெயரில் எழுதிவிட்டேன். அக்கா என்று கையெழுத்துப் போட்டு அப்படி ஒரு வரி எழுத எனக்குக் கூச்சம்.

நீ எழுதியது அத்தனையும் சரி. அந்நியர்களிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவர்கள் திட்டினாலும் பஸ் ஏறினால் மறந்துவிடும். உன்னிடம் சொன்னால் நீ என்னை வெறுத்துவிடுவாய் என்று பயந்தேன். இப்போது வெறுத்தாலும் சரி, இனிமேல் உனக்கு மறைத்து ஒரு வரி எழுதமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை 'ஓர் ஆசிரியை' என்பதை எடுத்துவிட்டேன். மணிமொழி, இடைநிலை ஆசிரியை என்று போட்டு, அந்தச் சிறுமி என் தம்பி மகள், என் தம்பிக்கும் இரண்டு வருடம் பொய் சொன்னேன் என்று எழுதினேன். பூஜாவின் பெயரையும் ஊரையும் போடவில்லை. இந்தத் தடவை பதிவேற்றும் முன்பே உனக்கு ஒரு படி தபாலில் போட்டேன். தபால் தாமதமானால் அது என் குற்றம் இல்லை.

எனக்கு மாற்றல் வந்துவிட்டது. ஜூனிலிருந்து ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு பள்ளி. இரண்டு பஸ் மாறி, மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். பதிவை எடுத்தால் இப்போதும் நிறுத்தலாம் என்றார்கள். அந்தப் பதிவைப் படித்துவிட்டு எத்தனையோ ஆசிரியர்கள் தங்கள் வகுப்பை ஒருவர் ஒருவராக உட்கார வைத்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். இனி எடுக்க முடியாது. மலைப் பள்ளியிலும் பிள்ளைகள் இருப்பார்கள். இங்கே இன்னும் எட்டு வாரம் இருக்கிறது. ஒன்பதில் ஐந்து பேர் படிக்கிறார்கள். பூஜா தட்டுத் தடுமாறிப் படிக்கிறாள், ஆனால் படிக்கிறாள்.

எனக்குப் பதில் போட வேண்டாம். அவளுக்குப் போடு. நான் அதைத் தொடமாட்டேன்.

அக்கா
மணிமொழி

*

99 ஏ.பி.ஓ.
30-3-2007

பூஜா,

நான் அப்பா.
இதை நீயே படி.
அம்மா படிக்க வேண்டாம். அத்தையும் படிக்க வேண்டாம்.
தெரியாத எழுத்து வந்தால் அந்த எழுத்தை மட்டும் கேள்.
எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.
எனக்குப் பல் வலி. இங்கே மழை.
நேற்று ஒரு நாய் வந்தது. என் ரொட்டியைத் தின்றது. நான் திட்டினேன். அது போகவில்லை.
நீ எனக்கு எழுது. எப்படி எழுதினாலும் நான் படிப்பேன்.
உன் அத்தையிடம் சொல். அப்பாவுக்குக் கோபம் கொஞ்சம் இருக்கிறது. அவள் நடந்து போகும் மலைப் பாதையில் பாம்பு இருக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்.

அப்பா

*

22-4-2007

அப்பா

நான் பூஜா. உன் லெட்டர் படிச்சேன். நாலு நாள் ஆச்சு. அம்மாகிட்ட மூணு எழுத்து கேட்டேன். அத்தைகிட்ட ஒன்னும் கேக்கல.

பல் வலி போச்சா. நாய் பேர் என்ன. பேர் இல்லன்னா மணின்னு வை. அத்தைக்கு ஷூ சொல்லிட்டேன். அத்தை சிரிச்சிது. அப்பறம் அழுதுது.

அம்மா உன் பழைய லெட்டர் எல்லாம் பெட்டியில வெச்சிருக்குது. எடுத்து குடுன்னு கேட்டேன். இப்ப ஒன்னு ஒன்னா நானே படிக்கிறேன். நாலு முடிச்சிட்டேன்.

நான் மூணாவது படிக்கும்போது வந்த லெட்டர்ல நீ என்னை ஒன்னு கேட்டிருக்க. லீவுல வரும்போது உனக்கு என்ன வேணும்னு. அதுக்கு என்ன பதில் போட்டாங்கன்னு அத்தைகிட்ட கேட்டேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் அப்பா, தாங்கள் நலமாக இருந்தால் போதும்னு எழுதிட்டாங்களாம். நான்தான் பாத்து எழுதினேனாம். எனக்கு தெரியாது. அதனால நீ பேனா வாங்கினு வந்துட்ட.

நான் அப்படி சொல்லல. என்னை யாரும் கேக்கல.

எனக்கு சைக்கிள் வேணும். பச்சை கலர். பின்னாடி கேரியர் இருக்கணும். நீ நல்லா இருக்கறதும் வேணும். ரெண்டும் வேணும்.

பூஜா